மூன்றாவது சிலிண்டர்

கல்யாணமான புதிதில் என் கணவர் ஒரு பழைய கார் வாங்கினார். யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வேறு கார் கிடையாது. சமதரையில் அது ஒழுங்காகவே ஓடும். கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில்தான் இளைத்து நின்றுவிடும். ஒருநாள் பட்டுச்சேலையோடு இறங்கி நானே பின்னால் நின்று தள்ளினேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு காலை, காரோடு வந்த கைநூலை விரித்து வைத்துக்கொண்டு எஞ்சினைத் திறந்தார். அவர் கந்தோரில் கணக்கு எழுதுபவர். எனக்குத் தெரிந்த அளவுதான் அவருக்கும் தெரியும்.

"இஞ்சை வந்து ஹாண்டிலை மெல்லச் சுத்தும்."

எஞ்சினைக் கையால் சுழற்றும் அந்த இரும்புப் பிடியைக் காரின் முன்னால் நின்று சுற்றினேன். நாலு சிலிண்டரிலும் காற்று இறுகி, கையைத் தடுக்க வேண்டும். மூன்று தரம் தடுத்தது. ஒரு தரம் அரிசி போடாத ஆட்டுக்கல்லைப்போலச் சும்மா சுழன்றது.

"ஒண்டிலை காத்து நிக்குதில்லை," என்றேன்.

பிளக்குகளைக் கழற்றினார். நான் சுற்றச் சுற்ற, துளைகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் பொத்திப் பார்த்தார். மற்றவை விரலைத் தள்ளி எறிந்தன. மூன்றாவது மெதுவாக ஊதியது.

"பிஸ்டன் ரிங் தேஞ்சுபோச்சு. முழு எஞ்சினையும் கழட்டவேணும்," என்று நிலத்தில் குந்திவிட்டார்.

"பொறுங்கோ. ஒயில் விட்டுப் பாக்கச் சொல்லிப் புத்தகத்திலை கிடக்கெல்லே?"

ரிங் தேய்ந்திருந்தால் ஒயில் பிஸ்டனைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்கும், காற்று இறுகும். ஒரு கரண்டி விட்டுச் சுற்றினோம். ஒரு மாற்றமும் இல்லை. அப்படியென்றால் காற்று வேறு வழியால் போகிறது. பிளக்குகளைத் திரும்பப் பூட்டி அவர் சுற்ற, நான் பின்னால் போய்ப் புகைக்குழாயில் காதை வைத்தேன்.

"கேக்குதோ?"

"ஓம்! உஸ்ஸெண்டு இதாலைதான் போகுது. புகை போற வால்வுதான் மூடுதில்லை!"

ஓடிவந்து என் காதைப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். காதைச் சுற்றி வட்டமாகக் கரி.

கிருலப்பனையில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நண்பர் சிலிண்டர் மூடியைக் கழற்றினார். மூன்றாவதன் வால்வு ஒரு பக்கம் கருகியிருந்தது.

"சரியாத்தான் புடிச்சிருக்கீங்க," என்றார்.

"நானில்லை, இவதான்," என்று என்னைக் காட்டினார் என் கணவர்.

புது வால்வு போட்டபின் ஏற்றத்தில் கார் நிற்கவேயில்லை. அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, ஹெவ்லொக் டவுனில் ஆளில்லாத ஒரு வீதியில் அவர் காரை நிறுத்தினார். இறங்கி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார்.

"இனி நீர் ஓட்டும்."

வீடு வரைக்கும் முதலாம் கியரிலேயே ஓட்டிவந்தேன். அவர் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.