இருட்டில் விட்ட கல்லறை

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் என் மனைவி இறந்த பிறகு, எவ்வளவு வேண்டியும் காப்பாற்றாத ஆண்டவர் மேல் கோபம் வந்து மாதா கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். கல்லறைத் திருநாளன்றும் கடலூர் வீட்டுக்குள்ளேயே நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன். பொழுது சாய்ந்ததும் மனம் கேட்காமல் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி எரிந்தது; அவளுடையதில் புல்தான் இருந்தது.

பக்கத்தில், மகனைப் புதைத்த இடத்தில் உட்கார்ந்திருந்த லூர்து அக்கா தன் மெழுகுவத்தி ஒன்றை நீட்டினார்.

"சாமி மேல கோவம்னா அவரத் திட்டு தம்பி. நானும் தெனம் திட்டுறேன். அதுக்காக அந்தப் பொண்ண நீ ஏன் இருட்டுல வுட்ட?"

அதை வாங்கி அவள் கல்லறையில் ஏற்றினேன்.

இப்போது ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறேன். கூச்சத்தால் கடைசி வரிசைதான். கோபம் ஆறவில்லை, ஆனால் அதை ஆண்டவரிடமே சொல்லிவிட்டு வருகிறேன்.