பாட்டுக்குள்ளிருந்து சாராயத்தை வடித்தெடுத்தது

எங்கள் சங்கத்தின் பாட்டுத் தெரிவுக் குழுவில் என்னைச் சேர்த்ததற்கு ஒரே காரணம், என் வீட்டு வரவேற்பறையில் ஒரு புத்தக அலுமாரி நிற்பதுதான். அதிலுள்ள புத்தகங்களை நான் வாசித்திருக்கிறேனா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் புத்தகம் வைத்திருப்பவன் அறிஞன். அவன் பகலில் திரைச்சீலைத் துணிக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறான் என்பது அந்த மதிப்பைக் குறைப்பதில்லை.

குழு பிறந்ததற்குக் காரணம் அதற்கு முந்திய ஆண்டு விழா. பாலர் வகுப்புக் குஞ்சுகள் மேடையேறி, தோடம்பழச் சாறு ஊற்றிய பிராந்திப் போத்தல்களைக் கையில் பிடித்துக்கொண்டு, தள்ளாடி, விழுந்து, எழும்பி, மறுபடியும் விழுந்தார்கள். காதலி ஏமாற்றிவிட்டாளாம். பால்பல் இன்னும் விழவில்லை, அதற்குள் காதலி ஏமாற்றிவிட்டாள். மண்டபம் விசிலடித்தது. பெற்றோர் கைபேசியில் படம் பிடித்தார்கள். வெட்கம் வர ஒரு வாரம் எடுத்தது. அந்தப் படத்தை ஒரு தாய் பெருமையோடு தன் பிள்ளையின் டெனிஷ் ஆசிரியைக்குக் காட்ட, அவர் "இந்தப் பாட்டு எதைப் பற்றியது?" என்று மிகப் பணிவாகக் கேட்டிருக்கிறார். டெனிஷ்காரர் சத்தம் போட்டால் நாங்கள் பயப்படுவதில்லை. பணிவாகக் கேட்டால்தான் பயம்.

ஆகவே குழு. தலைவர், பக்கத்து ஊரான பிராண்டேயில் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு அண்ணை. பெந்தெகொஸ்தே சபை, மதுவை மணந்தும் பார்க்காதவர். இரண்டாவது ஆள், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மன்னார் அக்கா. கத்தோலிக்கர், கோவில் பாடகர் குழுவில் முதற்குரல். மூன்றாவது, அலுமாரிக்காரன்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் பிராண்டேயில் தலைவர் வீட்டில் கூடினோம். தேநீரும் ரோல்ஸும் வந்தன. விழாவுக்குப் பிள்ளைகள் கொடுத்திருந்த பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். மூன்று நடுத்தர வயதுக்காரர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நல்ல வெளிச்சத்தில், சுத்தமான மேசைவிரிப்பின் முன்னால் உட்கார்ந்து, குடிகாரப் பாட்டுகளைத் தொடர்ந்து கேட்பதைப்போல ஒரு தண்டனையை எந்த மதமும் இதுவரை யோசிக்கவில்லை.

அன்றைக்குத்தான் நான் அந்தப் பாட்டுகளின் சொற்களை முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டேன். அதுவரை நானும் மற்றவர்களைப்போலக் காரில் ஸ்டியரிங்கில் தாளம் போட்டவன்தான். பெண் விட்டுப் போனால் குடிக்கிறார்கள். திரும்பி வந்தால் அதைக் கொண்டாடக் குடிக்கிறார்கள். பெண்ணே இல்லாவிட்டால், வரப்போகிறவள் எப்படியும் விட்டுப் போவாள் என்று முற்பணமாகக் குடிக்கிறார்கள். சிகரெட் புகையில் அவள் முகம் தெரிகிறது. கஞ்சாப் புகையில் கடவுளின் முகம் தெரிகிறது. கண் வைத்தியரிடம் போகவேண்டும் என்று எந்த நண்பனும் சொல்வதில்லை. இத்தனை போத்தல் இறங்கியும் பாட்டுக்குள் ஒருவனும் வாந்தி எடுத்ததில்லை. இரண்டாவது சரணத்தில் ஈரல் வீங்கியதில்லை. மறுநாள் காலை தரை துடைத்த பெண்ணுக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்பட்டதில்லை. படத்தில் என்றால் மூலையில் ஒரு எச்சரிக்கை வாசகமாவது ஓடும். பாட்டுக்கு மூலை ஏது?

தலைவர் ஒவ்வொரு பாட்டிலும் முதல் கெட்ட சொல் விழுந்தவுடன் கையை உயர்த்துவார். "காணும். தள்ளு." அவர் கை இறங்கவே நேரமில்லை. இதில் சங்கடம் என்னவென்றால், அடுப்படியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி, நாங்கள் நிறுத்திய ஒவ்வொரு பாட்டையும் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

"இஞ்ச, நாங்கள் கூட்டம் நடத்திறம்!" என்று தலைவர் குரல் கொடுத்தார்.

"நீங்கள் நடத்துங்கோ. நான் என்ன மேடையிலயே பாடுறன்?"

பிறகு ஹொல்ஸ்டெப்ரோ ஊர்ப் பெடியன்கள் கொடுத்திருந்த டெனிஷ் ராப் பாட்டு வந்தது. முழுவதையும் கேட்டோம். தலைவர் தலையாட்டினார்.

"உதில ஏதும் பிழை இருக்கே?"

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றார் மன்னார் அக்கா. "தாளம் நல்லாக் கிடக்கு."

"டெனிஷ்தானே. படிப்பு, முன்னேற்றம், உப்பிடி ஏதோ சொல்லுறான். விடுங்கோ."

மூன்று பேரும் இந்த நாட்டில் முப்பது வருடம். மூன்று பேரும் மொழிச் சோதனை பாஸ். கொமூன் என்ற நகரசபையின் கடிதம், சம்பளச் சீட்டு, இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் அபாய அறிவித்தல் எல்லாம் விளங்கும். யாராவது அதைத் தாளத்தோடு சொன்னால் விளங்காது. அந்தப் பாட்டில் ஒருவன் கழிப்பறைக்குள் வெள்ளைத் தூளை மூக்கால் இழுத்துவிட்டு அதை ஊருக்குப் பெருமையடிக்கிறான் என்று அன்று இரவுச் சாப்பாட்டில் என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முன்னேற்றத்துக்கு எங்கள் குழு ஒருமனதாக அனுமதி அளித்திருந்தது. இன்னொரு கூட்டம் வைப்பார்களே என்று பயந்து நான் அதை வெளியே விடவில்லை.

கடைசிப் பாட்டு மகளுடையது. அதன் பல்லவியில் ஒவ்வொரு வரியும் போய் முடிவது ஒரே சொல்லில்: சரக்கு. சரணத்தில் அதன் உறவினர் எல்லாரும் வருவார்கள். குவாட்டர், மப்பு, பீடி. தலைவரின் கை முதல் வரியிலேயே உயர்ந்தது.

"அண்ணை, உது என்ர மகளின்ர குழு" என்றேன்.

அடுப்படியிலிருந்து ஒரு தலை எட்டிப்பார்த்தது.

"தம்பி, உங்கட மகள் எண்டபடியால்தான் நாங்கள் இன்னும் கடுமையா நிக்கோணும். இல்லாட்டி சனம் என்ன சொல்லும்?"

சனம் சொல்வது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மகள் சொல்லியிருந்ததுதான் பயமாக இருந்தது. அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் வகுப்பை எப்போதோ விட்டுவிட்டாள். பரதநாட்டியம் கராத்தேயாகி, கராத்தே ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது. எங்கள் ஆட்களின் கூட்டம் இருக்கும் ஒரு மண்டபத்துக்குள் அவளை இன்னும் கொண்டுவருவது இந்த நடனம் ஒன்றுதான். தோழிகளைச் சேர்த்து, எங்கள் கார் கராஜில், மாரி முழுக்கக் குளிருக்குள் பழகியிருந்தார்கள். அன்று காலை நான் புறப்படும்போது டெனிஷில் சொன்னாள்: "இதை நீங்கள் தள்ளினால், பரவாயில்லை அப்பா, நான் இனி வரவில்லை." கோபமில்லை, கதவு அறையவில்லை. நாளைக்கு மழை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அப்படிச் சொன்னவர்கள் திரும்பி வருவதில்லை. என் நண்பர்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேரை இப்போது நான் கைபேசிப் படத்தில்தான் பார்க்கிறேன்.

தகப்பன் என்ற ஆபத்தில் அறிஞனுக்கு ஒரு யோசனை உதித்தது. "அண்ணை, சொல்லுகள்தானே பிரச்சினை. சொல்லை மட்டும் எடுத்துவிட்டால்?"

"எப்பிடி எடுக்கிறது?"

"கொம்பியூட்டரில. அந்த இடத்தில ஒரு சத்தமும் வராது."

மன்னார் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உது நல்ல யோசனை தம்பி. பாட்டும் இருக்கும், குடியும் இராது."

தலைவர் யோசித்துவிட்டு, "அப்ப சரி, பீடியையும் எடுத்துவிடுங்கோ" என்றார்.

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தேன். சொல் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் அடையாளம் வைத்து, இசையும் சேர்த்துத்தான் வெட்டவேண்டியிருந்தது; தனியாகச் சொல்லை மட்டும் பிடுங்கும் வித்தை எனக்குத் தெரியாது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சரக்கு. சரக். ச. மனைவி உடுப்பு மடித்துக்கொண்டு கடந்து போனார்.

"முப்பது வருசமா இலக்கியம், இலக்கியம் எண்டு திரிஞ்சு, கடைசியில உதிலதான் வந்து நிக்கிறியள்."

நான் அடுத்த சரக்கைத் தேடினேன். முடித்தபோது பாட்டு பல் விழுந்த கிழவன்போல இருந்தது. மகளுக்குப் போட்டுக் காட்டினேன். முதல் ஓட்டை வந்ததும் புருவத்தை உயர்த்தினாள். இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பின்லிட்" என்றாள். மானம் போகிறது என்று பொருள். இங்கே பிறந்த பிள்ளைகள் பெற்றோரைப் பற்றிப் பேசும்போது அதிகம் பயன்படுத்தும் டெனிஷ் சொல் அது. "அப்பா, நாங்கள் குதிப்பதே அந்த இடத்தில்தான். அங்கே இசை இல்லாவிட்டால் எதில் கால் வைப்பது?"

"மனசுக்குள்ள எண்ணுங்கோ."

"இதற்கு வாக்குப் போட்டவர்களில் ஒருவராவது நடனம் ஆடியிருக்கிறாரா?"

ஆனாலும் ஆடுவதாகச் சொன்னாள். தோழிகள் உடுப்புத் தைத்துவிட்டார்கள். ஒரு தடவை, கடைசித் தடவை என்றாள்.

விழா மே மாதத்தில். ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபம். உள்ளே மதுவுக்கு இடமில்லை என்று வாசலில் இரண்டு மொழியில் எழுதியிருந்தது. ஆகவே மது வெளியே, கார் டிக்கிகளில் இருந்தது. இது எங்கள் வழக்கம். மண்டபத்துக்குள் குத்துவிளக்கு எரியும். கார் தரிப்பிடத்தில் டிக்கிகள் திறந்திருக்கும். அவற்றைச் சுற்றி ஆண்கள் பிளாஸ்டிக் கப்போடு நின்று, சமுதாயம் எங்கே போகிறது என்று கவலைப்படுவார்கள். நானும் ஒரு டிக்கியருகே நின்றேன். என் கையிலிருந்த சோடாவுக்கும் கொஞ்சம் நிறம் இருந்தது. அங்கே ஒருவர் என் முதுகில் தட்டி, "குடிப்பாட்டெல்லாத்தையும் வெட்டிப்போட்டியளாம், நல்ல வேலை. பிள்ளையள் கெட்டுப்போகுதுகள்" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பிறகு எல்லாரும் கராம்பை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். முழு மண்டபமும் பல்வலி வைத்தியசாலைபோல மணந்தது.

ஹொல்ஸ்டெப்ரோப் பெடியன்கள் மூக்குத்தூள் பாட்டுக்கு ஆடிப் பலத்த கைதட்டல் வாங்கினார்கள். தலைவரும் தட்டினார். அடுத்தது மகளின் குழு.

நான் முன்வரிசையில், மன்னார் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். பாட்டு தொடங்கியது. முதல் வரி ஓடி வந்து, சொல் வரவேண்டிய இடத்தில் நின்றது. மண்டபம் மௌனம். பிள்ளைகளின் பாதம் பலகையில் விழுந்த ஓசை மட்டும் கேட்டது, ஒருத்தி முந்திவிட்டாள். மகளின் உதடு எண்ணுவது தெரிந்தது.

இரண்டாவது வரி வந்து நின்றபோது, பின்சுவரிலிருந்து, டிக்கியில் இருந்து அப்போதுதான் வந்திறங்கிய ஒரு குரல், உதவி செய்யும் எண்ணத்தோடு கத்தியது: "சரக்கு!"

சிரிப்பு. மூன்றாவது வரிக்குப் பின்சுவர் முழுவதும் சொன்னது. நான்காவதுக்குக் குழந்தையை மடியில் வைத்திருந்த தாய்மார் சேர்ந்துகொண்டார்கள். சரணம் வந்தபோது மண்டபமே ஒரே வாயாகிவிட்டது. குவாட்டருக்கு ஒரு இடி, மப்புக்கு ஒரு இடி. பீடியைப் பெண்கள் பக்கம் எடுத்துக்கொண்டது. நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துப் பிடுங்கிய ஒவ்வொரு பல்லையும், நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வந்த எங்கள் சனம், ஒன்றுகூட இடம் மாறாமல், திரும்ப ஊன்றியது. என் வலது காதில் ஒரு தெளிவான, பயிற்சி பெற்ற, சுருதி பிசகாத பெண் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மன்னார் அக்கா வாயைக் கையால் பொத்தினார். சரணம் அதற்குள் முடிந்துவிட்டது.

தலைவர் ஒலிக்கருவி மேசைக்கு ஓடினார். "நிப்பாட்டு! நிப்பாட்டு!" அங்கே இருந்தவருக்கு அது காதில் விழவில்லை. அவரும் பாடிக்கொண்டிருந்தார்.

மேடையிலோ பிள்ளைகளுக்குக் கால் வைக்க இடம் கிடைத்துவிட்டது. ஓட்டை வரும் ஒவ்வொரு தடவையும் மண்டபம் கத்த, அந்தக் கத்தலில் அவர்கள் குதித்தார்கள். மகள் எண்ணுவதை விட்டுவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எங்கள் மண்டபம் எதிலும் பார்த்ததில்லை.

முடிந்தபின் தலைவர் வியர்வையோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, விட்டிருந்தால் பாட்டுக்காரன் ஒருத்தன் மட்டும்தான் சொல்லியிருப்பான்."

"ஓம் அண்ணை."

"என்ர மனுசியும் சேர்ந்து கத்தினவள்."

"கேட்டது அண்ணை."

வீடு திரும்பும்போது வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். மனைவி காரை ஓட்டினார். ஏன் என்று விளக்கவேண்டியதில்லை. பின் இருக்கையிலிருந்து மகள் டெனிஷில் கேட்டாள்: "எல்லாரும் கத்தினார்களே, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

நான் திரும்பிப் பார்த்தேன். "உனக்குத் தெரியாதே?"

"எனக்குத் தாளம்தான் தேவைப்பட்டது."

சொன்னேன். சரக்கு, குவாட்டர், மப்பு, பீடி, விட்டுப்போன காதலி, எல்லாவற்றையும்.

"இவ்வளவுதானா? ஒருவன் குடிக்கிறான், அழுகிறான், அவளைத் திட்டுகிறான். பாட்டு முழுக்க?"

"ஓம்."

"இந்தக் குப்பையையா மாரி முழுக்க ஆடினேன்?"

"ஓம் பிள்ளை."

"ஆச்சிமார்கூடப் பாடினார்களே."

"அவைக்கு உன்னைவிட நல்லாத் தெரியும்."

மனைவிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சிரிப்பு வந்தது. மகள் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினாள். இந்தத் தடவை தமிழில் சொன்னாள், உச்சரிப்பு கொஞ்சம் வழுக்கினாலும்: "ஆனா அப்பா, முதல் தரம் உங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில ஒண்டைச் செய்தவை. எப்பவும் ரெண்டு மணித்தியாலம் பிந்தித்தானே வருவினம்."

"அப்ப அடுத்த வருசம்?"

"வாறன். ஆனா பாட்டு நான் எடுப்பன். உங்கட குழுவில அந்தக் கதிரை எனக்கு வேணும்."

"எந்தக் கதிரை?"

"உங்கடது."

அன்று இரவே தலைவருக்குத் தொலைபேசியில் என் பதவி விலகலை அறிவித்தேன்; ஹொல்ஸ்டெப்ரோப் பாட்டு எதைப் பற்றியது என்பதையும் கடைசியில் சொல்லிவிட்டேன். அலுமாரியையும் அவளிடம் ஒப்படைப்பதாகச் சொன்னேன். அது தேவையில்லை, பிள்ளைக்கு டெனிஷ் பாட்டு விளங்கினால் காணும் என்றார்.