என் மழைப் புத்தகமும் முப்பது தார்ப்பாய்களும்

என் புத்தகம் அந்த ஐப்பசியில் முந்நூறு பிரதி விற்றது. எனக்குத் தெரிந்து அதை முழுசாகப் படித்தது ஒரே ஒரு பெண். அவள் அதைக் காசு கொடுத்து வாங்கியவள் இல்லை.

மழையைப் பற்றிய சின்னச் சின்னக் கட்டுரைகள், நூறு பக்கம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து நானே அச்சடித்தேன். இரண்டு வருடம் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களுக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பேன். காப்பி குடித்துவிட்டு அதை நாற்காலியிலேயே மறந்துவிட்டுப் போவார்கள். குடையை மறக்காதவர்கள் என் புத்தகத்தை மட்டும் தவறாமல் மறந்தார்கள்.

அந்த வருடம் ஏரியூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஏரிக்கரை உடைந்தது. ஓடையோரம் இருந்த இருபத்து நாலு வீடுகளின் மண்சுவர் கரைந்து போயிற்று. ஆள் யாரும் சாகவில்லை. அதனாலேயே இரண்டு நாளில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. வீடு போனவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள்.

பென்னாகரத்தில் எங்களுக்கு ஓர் அறக்கட்டளை உண்டு. எங்களுக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால் நானும் அதில் உறுப்பினர். எங்கே என்ன கஷ்டம் வந்தாலும் எங்கள் ஆட்கள் முதல் வேலையாக பேனருக்குச் சொல்லிவிடுவார்கள். உதவி என்னவென்று பிறகு யோசிப்பார்கள். தலைவர் ஜவுளிக்கடைக்காரர். யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும்போதே எந்தப் பக்கம் கேமரா இருக்கிறது என்று அவர் முகத்துக்குத் தெரிந்துவிடும். கூட்டத்தில் அவர்தான் சொன்னார்:

“டீச்சர், உங்க புக்க வித்துரலாங்க. சும்மா நன்கொடை கேட்டா ஒருத்தனும் குடுக்க மாட்டான். கையில ஒரு பொருளு குடுத்தோம்னா குடுப்பான். வர்ற காசு பூரா தார்ப்பாய்க்கு. அந்தச் சனங்க வூடு கட்டற வரைக்கும் மேல போட்டுக்கட்டும்.”

நல்ல யோசனைதான். அதை இப்போதும் மறுக்கவில்லை. “இப்புத்தகத்தின் விலை முழுவதும் ஏரி உடைந்து வீடிழந்தவர்களுக்கே” என்று ஸ்டிக்கர் அடித்து, கட்டுகளைப் பிரித்து ஒவ்வொரு பிரதியின் பின்னட்டையிலும் நானே உட்கார்ந்து ஒட்டி, அதே பிளாஸ்டிக்கில் மறுபடியும் கட்டி வைத்தேன்.

பிறகு அந்த வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமே! ஓர் அலுவலகத்தில் ஆறு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கி, ஆறு பேரும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தள்ளுபடி உண்டா என்று கேட்டார். எதில் தள்ளுபடி, வீடிழந்தவனுக்குக் கொடுப்பதிலா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் கேட்டார். இன்னொருவர் பத்துப் பிரதி வாங்கிவிட்டு, இந்தப் புண்ணியத்துக்கு வருமான வரியில் கழிவு கிடைக்குமா என்று விசாரித்தார். ஒரு கல்யாண வீட்டில் ஐம்பது கேட்டார்கள், தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாகப் போட. அந்த வருடம் தேங்காய் விலை அப்படி. மாம்பழக்கூழ் ஆலை முதலாளி ஒருவர் நூறு பிரதி எடுத்தார். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. கட்டைப் பிரிக்காமல், அச்சகத்தின் கனத்த பிளாஸ்டிக் சுற்றியபடியே காரில் ஏற்றச் சொன்னார்.

இவர்களை இப்படி ஏசுகிற எனக்கும் அந்த நாட்களில் தலை கால் புரியவில்லை. கையெழுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் போட்டேன். கேட்காதவர்களுக்கும் போட்டேன். வீட்டில் பழைய நோட்டில் கையெழுத்தைச் சாய்த்தும் நிமிர்த்தியும் எழுதிப் பார்த்தேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு பொம்பளை செய்கிற வேலையா இது?

தார்ப்பாய்கள் சேலத்திலிருந்து வந்து இறங்கின. நீல நிறம், நல்ல கனம், மொத்தம் முப்பது. அவற்றைத் தலைவரின் கடை மாடியில் அடுக்கினார்கள். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் சும்மா கொடுத்தால் அது எப்படி உதவியாகும்? விழா வைத்து, பெரிய மனிதர் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் கையால் கொடுக்க வேண்டும். அந்தப் பெரிய மனிதர் ஒரு தேதி சொன்னார். பிறகு வேறு தேதி சொன்னார். இரண்டு வாரம் ஓடிவிட்டது. கேட்டால், “மழைதான் விட்டுருச்சிங்களே டீச்சர், என்ன அவசரம்?” என்றார் தலைவர்.

நான் ஏன் சண்டை போடவில்லை? விழாவில் எனக்குப் பத்து நிமிடம் ஏற்புரை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த உரையை மூன்று முறை திருத்தி எழுதி வைத்திருந்தேன். காரணம் அவ்வளவுதான்.

அடுத்து ஒரு வேலை கொடுத்தார் தலைவர். மேடையில் வாங்கிக்கொள்ள அந்த ஊரிலிருந்து ஐந்து பேரை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். “பாக்கறதுக்குக் கொஞ்சம் பாவமா இருக்கறவங்களாப் பாருங்க டீச்சர். கைக்குழந்தை இருந்தா ரொம்ப நல்லதுங்க.” மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகிறவன்கூட இவ்வளவு விவரமாகச் சொல்ல மாட்டான். நான் பஸ் ஏறிப் போனேன்.

ஏரியூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். அவரவர் வீடு நின்ற இடத்திலேயே நாலு குச்சி நட்டு, பழைய சேலையும் உரச்சாக்கும் சேர்த்துத் தைத்து மேலே போட்டிருந்தார்கள். முதல் குடிசையில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவள் பக்கத்தில் என் புத்தகம் கிடந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் எதிர்க் குடிசை வாசலிலும் ஒன்று கிடந்தது, அடுத்ததிலும் கிடந்தது. அவளிடம் விசாரித்தேன். மாம்பழக்கூழ் முதலாளி தான் வாங்கிய நூறு பிரதியையும் இங்கே கொண்டுவந்து, வீட்டுக்கு நாலு புத்தகமும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வீடிழந்தவர்களுக்கு உதவுவதற்காக வாங்கிய புத்தகத்தை வீடிழந்தவர்களுக்கே உதவியாகக் கொடுத்துவிட்டார். ஒரே செலவில் இரண்டு தர்மம்!

நான் யார் என்று சொன்னதும் அவள் புத்தகத்தை எடுத்து, உள்ளட்டையில் இருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்கதானுங்களா? பூரா படிச்சிட்டேனுங்க. வேற என்ன வேலை, இத வெச்சிக்கிட்டு ஒரே எடத்துல உக்காந்துதான கெடக்கறேன்” என்றாள், குழந்தையைக் காட்டி.

“எப்படி இருந்துச்சும்மா?” இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஜன்னல்ல நின்னு பாத்தா அப்பிடித்தான் இருக்குமாட்ட இருக்குதுங்க.”

எழுத வந்த நாளிலிருந்து என் எழுத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. அவள் புத்தகத்தைத் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டினாள்.

“இதுல எங்களுக்குன்னு போட்டிருக்குதுங்களே, அது என்னாங்க?”

“உங்களுக்குத் தார்ப்பாய்ம்மா. மேல போட்டுக்க. எல்லாம் வாங்கியாச்சு.”

“வாங்கியாச்சுங்களா? எங்க இருக்குதுங்க?”

“பென்னாகரத்துல. ஒரு கடை மாடியில.”

அவள் குழந்தையின் தலையில் துணியை இழுத்து விட்டாள். “அங்க நனையாம பத்திரமா இருக்குதுங்களா?”

அவள் குத்திக் காட்டினாளா, நிஜமாகவே அக்கறையில் கேட்டாளா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் பென்னாகரம் வருவதற்குள் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. நான் இறங்கும்போது தூறல். நேராக ஜவுளிக்கடைக்குப் போனேன். தீபாவளி நெருங்கிய நேரம், கடையில் நிற்க இடமில்லை. தார்ப்பாயை இப்போதே இறக்கச் சொன்னேன்.

“இன்னும் நாலே நாளுதாங்க டீச்சர். தேதி உறுதியாயிருச்சி. இங்க பாருங்க, பேனரே வந்துருச்சி” என்று விரித்துக் காட்டினார். பெரிய மனிதர் நடுவில், தலைவர் வலதுபுறம், ஓரத்தில் வட்டத்துக்குள் நான். வெளியே மழை வலுத்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? படத்தில் என் முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு மூன்று நொடி இருக்கும். யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அந்த நொடிகளுக்காக மற்றவர்களை ஏசுவதைவிட இரண்டு மடங்கு என்னை ஏசிக்கொள்கிறேன்.

பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை அதட்டிய குரல். தார்ப்பாயை இறக்காவிட்டால் கடை வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் மாடியில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று சொல்வேன் என்றேன். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் திரும்பினார்கள். தலைவர் சட்டென்று கும்பிட்டார்.

“எடுத்துக்கங்க டீச்சர், யாரு வேணாம்னா? அஞ்சே அஞ்சு மட்டும் வெச்சிட்டுப் போங்க. மேடைக்கு வேணுங்க.”

இருபத்து நாலு வீடு, முப்பது தார்ப்பாய். ஐந்தை விட்டுவிட்டு வந்தேன். இருட்டிய பிறகு அந்தச் சேற்றுப் பாதையில் வர எந்த டிரைவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இரவு முழுவதும் கொட்டித் தீர்த்தது. மழையைப் பற்றி நூறு பக்கம் எழுதியவள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக் கிடந்தேன்.

விடிந்ததும் ஒரு குட்டியானை சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஊருக்குள் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. உரச்சாக்குக் கூரைகள் பாதி சரிந்திருந்தன. அந்த முதல் குடிசைக்குள் குனிந்து பார்த்தேன்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பலகை மேல் கிடத்தி, அதற்கு மேலே கனத்த பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தாள். தாளில் பிரஸ்காரர் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. அதில் என் பெயர், என் புத்தகத்தின் பெயர். பலகைக்குக் கீழே நாலு மூலையிலும் என் புத்தகங்கள் செங்கல்லைப் போல அடுக்கப்பட்டிருந்தன. ஊரில் எல்லா வீட்டிலும் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். யாரும் தர மாட்டேன் என்று சொல்லவில்லையாம். தாயின் சேலை பிழிந்தால் ஒழுகும் போலிருந்தது. குழந்தையைத் தொட்டுப் பார்த்தேன், அதன் மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

டிரைவரும் பக்கத்துக் குடிசை ஆண்களும் சேர்ந்து தார்ப்பாயை மேலே கட்டினார்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இதற்காகத்தான் இரண்டு வாரம் ஒரு பெரிய மனிதருக்காகக் காத்திருந்தோம்.

கட்டி முடித்ததும் அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு பலகையைத் தள்ளினாள். புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் இருந்தவை ஊறிப் பருத்திருந்தன. மேலே இருந்தவற்றை முந்தானையால் துடைக்கப் போனாள். முந்தானை ஈரம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“அடியில இருக்கறதுதாங்க ஊறிப்போச்சி. மேல ஒரு முப்பது நாப்பது நல்லாத்தான் இருக்குது. நீங்க எடுத்துட்டுப் போயிருங்க” என்றாள்.

“எனக்கு எதுக்கும்மா?”

“மறுக்கா வித்தீங்கன்னா அந்தக் காசுல இன்னும் கொஞ்சம் தார்ப்பாய் வரும்லீங்க? கீழத் தெருவுலயும் நேத்து ரெண்டு வூடு வுழுந்துருச்சி.”