தேவகி அக்கா திருப்பிக் கொடுத்த வெற்றி

ஒரகடத்துக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ், தேவகி அக்கா ஏறுகிற மணிமங்கலம் கூட்ரோட்டில் நான்கு மாதமாக யாரும் ஏறாவிட்டாலும் வேகத்தைக் குறைத்துத்தான் போகும். ஓட்டுநர் நாகராஜ் அண்ணனின் கால் பழக்கம் அது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்டுக்குப் போகும்போது, அவர் வண்டியை அங்கே ஓரம் கட்டி நிறுத்தியே விட்டார். என் பக்கம் திரும்பி, "உனுக்கு ஃபோன் வர்லியா? நம்ம தேவகி விடிகாலைல பூட்ச்சிப்பா" என்றார். பின் சீட்டிலிருந்து ஒருவர், "நல்ல பொம்பள பாவம். செஸ்ஸு செஸ்ஸுன்னு அலைஞ்சிகினு இருந்துச்சே, கடைசீல இன்னாத்த கண்டுச்சு?" என்றார்.

அவர் கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. தேவகி அக்காவை அறிந்தவர்களே, உங்களில் பாதிப் பேராவது அதையே மனதுக்குள் கேட்டிருப்பீர்கள். பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் வரட்டும்.

கார் சீட்டுகளுக்கான இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனி எங்களுடையது. அக்கா அங்கே கடைசிப் பரிசோதனையில் இருந்த கான்ட்ராக்ட் தொழிலாளி. நான் அந்த லைனுக்கு சூப்பர்வைசர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். கம்பெனி விளையாட்டு விழாவில் வருடா வருடம் செஸ் கோப்பை எனக்குத்தான் என்பதால் தலையில் கொஞ்சம் கனமும் உண்டு. காந்தம் வைத்த சின்னப் பலகை ஒன்றில் நண்பன் ஒருவனோடு பஸ்ஸில் ஆடிக்கொண்டு போவேன். அவன் வேலையை விட்டுப் போன மறுநாள், எதிர் சீட்டிலிருந்து அக்கா, "தம்பி, நான் வரட்டா?" என்று கேட்டார். லைனில் என்னை சார் என்பார், பஸ்ஸில் தம்பி என்பார். அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்பதுகூடத் தெரியாது.

நான் சிரித்தேன். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமாக்கா?" என்றும் கேட்டுத் தொலைத்தேன்.

"வளையறதுக்கு நான் இன்னா மூங்கிலா? கத்துக்கத்தானே கேக்குறேன். பலகைய வைப்பா" என்றார்.

படப்பை வருவதற்குள் மூன்று முறை தோற்றார். சும்மா தோற்கவில்லை, அள்ளிக் கொடுத்துத் தோற்றார். காய்கள் நகரும் விதத்தைச் சொன்னதோடு, நான்கே நகர்வில் ஜெயிக்கும் ஒரு தந்திரத்தையும் காட்டினேன். புதிதாக வருகிற எல்லோருக்கும் பிடிக்கும் தந்திரம் அது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "எதிராளி தூங்கினா ஜெய்க்கிற ஆட்டம் எனுக்கு எதுக்கு? நீ ஆடு. நான் தோக்குறேன். ஏன் தோத்தேன்னு நானே கண்டுபுடிக்கிறேன்." அன்றைக்கே அவர் ஆசையையும் சொல்லிவிட்டார். என்னை ஒரே ஒரு முறை, நேர்மையாக, ஜெயிக்க வேண்டும். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் விஷயம். லைனில் ஒரு சட்டத்தை அனுப்பும்முன் ஒவ்வொரு இடத்தையும் விரலால் சுட்டி, வாய்விட்டு, "வெல்டு ஓகே, நட்டு ஓகே, ஓட்டை ஓகே" என்று சொல்ல வேண்டும். கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ஷிப்டில் மட்டும் செய்துவிட்டு நாங்கள் மறந்துபோகிற காரியம். அக்கா அதைச் செஸ்ஸுக்குக் கொண்டுவந்தார். நான் ஒரு காயை வைத்ததும் அவர் விரல் என் காய்களின் மேல் ஒவ்வொன்றாகப் போகும். "இந்த மந்திரி எங்க பாக்குறான்? இந்தக் குதிர எங்க குதிக்கும்? என்னுது எது அம்போன்னு நிக்குது?" பிறகுதான் தன் காயைத் தொடுவார். பஸ்ஸே சிரிக்கும். "யக்கா, க்யூ.சி. பாஸா?" என்று கேலி செய்வார்கள். அவர் விரலை எடுக்கவே இல்லை. மூன்று மாதத்தில் சும்மா காயைப் பறிகொடுப்பது நின்றுபோயிற்று. புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஆயிரம் புத்தகம் இருக்கலாம். பாதித் தோல்வி இந்த ஒரு விரலால் தீரும் என்று நான் சத்தியம் செய்வேன்.

அடுத்தது அவருடைய நோட்டு. லைனில் ஒரு பழுது வந்தால் ஐந்து முறை ஏன் என்று கேட்டு வேரைப் பிடிக்கச் சொல்வார்கள். அக்கா தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் அதை எழுதினார். ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். "குதிர போச்சு. ஏன்? மந்திரிய பாக்கல. ஏன்? ராணிய தூக்கிகினு ஓடினேன். ஏன்? அவசரம். ஏன்? தோத்துடுவோம்னு பயம். ஏன்? தம்பி சிரிப்பான்." படித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பிறகு அவரோடு ஆடும்போது நான் சிரித்ததில்லை.

விளையாட்டு விழாவில் செஸ் ஆட அவர் பெயர் கொடுத்தபோது அலுவலகத்தில் மறுத்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் செஸ் கிடையாது, பெண்களுக்கு எலுமிச்சை ஸ்பூனும் கோலப் போட்டியும் இருக்கிறதே என்றார் ஓர் அதிகாரி. அக்கா அவர் மேஜைமுன் நின்று, "நான் ஓகே போட்டாத்தான் சீட்டு காருக்குப் போவுது சார். அதுல குந்திகினு ஜனங்க ஊரு ஊரா போறாங்க. ஒரு மரக் குதிரய நவுத்தறதுக்கு மட்டும் பர்மனென்ட் ஆவணுமா?" என்று கேட்டார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போய் அவருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. இரண்டு வருடம் மறுத்தவர்கள், மூன்றாம் வருடம் இவர் தொல்லை தாங்காமல் சேர்த்துக்கொண்டார்கள். முதல் சுற்றிலேயே ஸ்டோர் கிளார்க்கிடம் தோற்றார். தோற்றுவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தார் பாருங்கள், கோப்பையை வைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நடை வரவில்லை.

தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்த திறந்த போட்டிக்கும் போனார். நானும் கூடப் போயிருந்தேன். ஹாலில் அவரைப் பார்த்த நடுவர், "பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய வெயிட் பண்ணுங்க" என்றார். "நான் பேரன்ட் இல்ல சார், ப்ளேயரு" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே கால் தரையில் எட்டாத ஒரு சிறுமி. அக்காவின் விரல் பலகைமேல் போவதைப் பார்த்து அவள் புகார் செய்ய, கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு முழங்காலின் மேலேயே சுட்டிச் சுட்டி ஆடினார். சிறுமிதான் ஜெயித்தாள். அக்கா எழுந்திருக்கவில்லை. "கண்ணு, நான் எங்க தப்பு பண்ணேன், கொஞ்சம் காட்டேன்" என்றார். அந்தக் குழந்தை காய்களைப் பின்னால் நகர்த்திக் காட்ட, அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அன்று ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்தார். மற்றதெல்லாம் தோல்வி. திரும்பி வரும்போது, "வெக்கப்பட்டா வீட்லயே குந்திகினு இருக்கணும்" என்றார்.

பிறகு அந்த நோய் வந்தது. மார்பில் கட்டி, புற்று என்று ஒருநாள் பஸ்ஸில் என்னிடம் மட்டும் சொன்னார். அந்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். என் ராணியை அவர் குதிரை வெட்டும் இடத்தில் வேண்டுமென்றே வைத்தேன். அவர் விரல் அங்கே வந்து நின்றது. என்னைப் பார்த்தார். வெட்டினார். ஜெயித்தார். பஸ் கைதட்டியது. மறுநாள் காலை என் கையில் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்தார். தேறாத சட்டங்களில் நாங்கள் கட்டும் அட்டை. அதில் எழுதியிருந்தார்: "ரிஜெக்ட். காரணம்: பாவம் பாத்தது."

"என்னக்கா கோவம், அடுத்த ஆட்டத்துல பாத்துக்கிடலாம்" என்று அசடு வழிந்தேன். "நீ என்னிய செத்தவளா நெனச்சி ஆடினே தம்பி. நான் இன்னும் சாவல" என்றார். ஒரு வாரம் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். எட்டாம் நாள் அவரே வந்து பலகையைக் கேட்டார். "ஒழுங்கா ஆடு" என்றார். அவ்வளவுதான்.

சிகிச்சைக்காக வேலையை விட்டு நின்றதும் ஃபோனில் ஆடினோம். கம்பெனிக்குள் ஃபோனுக்கு அனுமதி இல்லை என்பதால், நாளுக்கு ஒரு நகர்வு. பஸ்ஸில் ஏறியதும் நான் அனுப்புவேன், பகலில் அவர் அனுப்புவார். மருந்து ஏற்றுகிற நாளிலும் தவறியதில்லை. அந்த ஆட்டத்தில் நான் ஒரு பொய்யும் செய்யவில்லை. முழு மூச்சாக ஆடினேன். காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு, கடைசியில் என் கறுப்பு ராஜா தனியாக என் பக்கத்துக் கடைசி வரிசையில் நின்றது. அக்காவுக்கு வெள்ளை ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். இந்த இடத்தில் புதியவர்கள் ஆசைப்பட்டுச் சிப்பாயை முன்னால் ஓட்டிக் கெடுப்பார்கள். அக்கா ஓட்டவில்லை. ராஜாவை முன்னால் விட்டு, சிப்பாயைப் பின்னால் வரவைத்தார். நான் சொல்லித் தந்ததல்ல. இரண்டு மூன்று காய்களை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் மாதக்கணக்காக உருட்டிப் பார்த்துத் தானே கண்டுகொண்டது. அவர் ராஜா என் ராஜாவுக்கு நேர் எதிரே, ஒரு கட்டம் விட்டு வந்து நின்றது. அதன் பின்னால் சிப்பாய். என் முறை. எனக்கு இரண்டே நகர்வு: வலது அல்லது இடது. எந்தப் பக்கம் போனாலும் அவர் ராஜா மறுபக்கம் ஏறி வழிவிடும், சிப்பாய் ராணியாகும்.

நான் அனுப்பவில்லை.

முதல் நாள் ஓவர்டைம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள், "இன்னா தம்பி, ஷிப்டு இன்னும் முடியலியா?" என்று கேட்டு எழுதியிருந்தார். பார்த்துவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டேன். தப்பிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல ஆசைதான். அது பொய். வழி இல்லை என்று முதல் நாளே எனக்குத் தெரியும். தோற்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை.

காரியத்தன்று அவர் கணவர் முருகேசன் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டார். "கடைசி ஆட்டத்துல அவ ஜெய்ச்சாளா, இல்லியா? ஆஸ்பத்திரில ஃபோனயே பாத்துகினு இருந்தா" என்றார்.

"ஜெயிச்சிட்டாங்கண்ணே."

"பாவம் பாத்துச் சொல்றியா?"

"இல்லண்ணே" என்றேன். அவருக்குச் செஸ் தெரியாது. பலகையை எடுத்து மூன்று காய்களை வைத்து, இரண்டு வழியையும் காட்டினேன். இரண்டிலும் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அந்தச் சிப்பாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் நான்கு நாள் பதில் போடவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பஸ்ஸில் சிலர், பாதியில் நின்ற ஆட்டம் டிராதான் என்கிறார்கள். இன்னும் சிலர், இறந்தவருக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன் என்கிறார்கள். விட்டுக்கொடுத்ததை வாங்குகிற ஆளா அவர்? செஸ்ஸில் யார் முறையில் நேரம் தீருகிறதோ அவர் தோற்றார். ஓடிக்கொண்டிருந்தது என் நேரம். அவர் நேரத்தில் அவர் ஆடி முடித்துவிட்டார். கடைசியில் இன்னாத்த கண்டுச்சு என்று கேட்டவருக்கு இதுதான் பதில்: குதிரை எப்படிப் போகும் என்று தெரியாமல் வந்து உட்கார்ந்த ஒரு பெண், இந்தக் கம்பெனியின் கோப்பைக்காரனை, ஒரு தயவும் இல்லாமல், வாயடைக்க வைத்துவிட்டுப் போனார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தத் தோல்வி ஒன்றுதான். இதை டிரா என்று யாரும் மாற்றி எழுத விடமாட்டேன். சந்தேகம் உள்ளவர்கள் நாளைக் காலை முதல் ஷிப்டு பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டுக்கு வாருங்கள். கறுப்பு ராஜா உங்களுக்கு. நான் அக்காவின் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.