ஜீப்பை நிறுத்திய அம்மா

“உங்கள் தெருவுக்கே முதல் தண்ணீர்!”

பிரசார ஜீப்பின் அலறல் நெருங்கியதும் தோளில் தூங்கிய மகளின் காதைப் பொத்தினேன். எழுந்துவிடுவாளோ என்ற பயத்திலும் அந்த வார்த்தைகள் என்னை, நான் வளர்ந்த அந்தமான் கிராமமான சௌல்தாரிக்கு இழுத்துப் போயின.

அன்றும் எங்கள் தெருவில் தமிழில் இதையே முழங்கிய ஜீப், அடுத்த சந்தில் வங்காள மொழிக்கு மாறியது. பாசி மணக்கும் குழாயடியில் வரிசையில் நின்ற அம்மா, பக்கத்திலிருந்த வங்காளப் பெண்ணிடம், “தீதி, க்யா போலா?” என்று, ஜீப் சொன்னது என்னவென இந்தியில் கேட்டாள்.

“ஹமாரா கலி மே பஹலே பானி.”

அவர்கள் சந்துக்கும் முதல் தண்ணீராம்! எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வேற்றாள் வந்தால் உள்ளே போய்விடுகிறவள், காலிக் குடத்தோடு, திரும்பி வந்த ஜீப்பின் குறுக்கே நின்றாள்.

“பையா,” என்று மைக் பிடித்திருந்தவரை இந்தியில் அண்ணனென்று அழைத்தாள். “ரெண்டு தெருவுக்கும் இந்த ஒரே குழாய்தான். யாருக்கு முதல்ல?”

அவர் மைக்கைக் கீழே இறக்கினார். ஒலிபெருக்கி வெறுமனே இரைந்தது. யாராலும் அடக்க முடியாதென்று நான் நம்பியிருந்த குரல் அது. அம்மா அன்று ஜீப்பைவிட உயரமாகத் தெரிந்தாள்.

இப்போது ஜீப் என் வாசலுக்கு வந்துவிட்டது. ‘யாருக்கு முதல்ல’ என்று நானும் கேட்கலாமா? அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? யோசித்து முடிப்பதற்குள் என் கை உயர, ஜீப் நின்றுவிட்டது.

மகள் எப்போதோ விழித்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.