பாறைக்கடியில் நின்ற ஆள்

ஓஸ்வால்ட் அண்ணனைத் திருடன் என்று எழுதிய காகிதத்தை என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கோலார் தங்கவயலில் பதிமூன்று வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூரில் செக்யூரிட்டி, ஜீவனஹள்ளியில் வாடகை வீடு. நான் கூட்டித் துடைக்கும் ஓவியக் கூடத்தில்தான் ஆறு வருஷமாக நின்றார்.

அவர் காவல் காத்தது ஒரு சீமைப் படத்துக்கு. இருநூறு வருஷப் பழசு. கரடுமுரடான கடற்கரை, கறுத்த வானம், பாறையில் மோதிச் சிதறும் அலை. துருத்திக்கொண்டிருக்கும் பாறைக்கடியில் சின்னதாக ஓர் ஆள்.

"தட்டிப் பாக்காம கீழ நிக்கிறான் பாரு மெர்சி. அந்தப் பாறை நிக்காது" என்பார். தங்கவயல்காரர்களின் பழக்கம் அது. எந்தப் பாறைக்கடியில் நிற்பதானாலும் முதலில் தட்டிக் காது கொடுப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை படத்தைச் சுற்றிச் சுவரைத் தட்டினார். உள்ளே காலியாக இருப்பதுபோல் டொப் டொப் என்றது. கேமராவில் பார்த்துவிட்டு மேனேஜர் மமதா ஓடி வந்தாள். மரியாதை போட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை.

"படத்து மேல எதுக்குக் கை வெச்சே?"

"படத்தத் தொடலீங்க மேடம், சுவரத்தான். உள்ள பூச்சு விட்டுப்போச்சு. படத்த எறக்கிடுங்க."

"எறக்கினா தூக்கிட்டுப் போக சௌகரியமா?"

அறுபதை நெருங்கும் மனுஷனை எல்லார் முன்னாலும் யூனிஃபார்மைக் கழற்ற வைத்து வீட்டுக்கு அனுப்பினாள். திருட முயன்றார் என்று செக்யூரிட்டி ஏஜென்சிக்குக் கடிதமும் எழுதினாள். திங்கட்கிழமை அது போய்ச் சேர்ந்தால், இந்த ஊரில் எந்த வாசலிலும் அவரை நிற்க விடமாட்டார்கள்.

சனிக்கிழமை காலை சுவர்ப்பூச்சு பெயர்ந்து, படம் ஆணியோடு தரையில் குப்புறக் கிடந்தது. மமதா என்னிடம் வந்தாள்.

"மத்த சுவரெல்லாம் தட்டிப் பாக்கணும். அவர வரச்சொல்லு."

கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் போன் செய்து, "வராதீங்கண்ணா, ஒங்களத் திருடன்னு எழுதின கடிதம் இன்னும் அவ மேஜைலதான் கெடக்குது, வெக்கமே இல்லாம கூப்பிடுறா" என்றேன்.

"அந்தச் சுவருக்குக் கீழ நீயும்தானேம்மா நிக்கிற" என்று வந்துவிட்டார்.

சொந்தச் சட்டையில் ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டே போனார். கடைசியில் மமதாவின் அறை. அவள் நாற்காலிக்குப் பின்னால் தட்டிக் காது வைத்தார்.

"எழுந்து இந்தப் பக்கம் வாங்க மேடம். இதுவும் விட்டுப்போச்சு."

பதறி எழுந்தாள். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். பிறகு மேஜையில் இருந்த கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இப்ப இத நீங்களே கிழிங்க."

கிழித்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.