சாக்பீஸ் பிடித்த பித்தளைக் குழல்

நாலணா நாணயத்தின் கனம்கூட இல்லாத வட்டத் தகட்டின் விளிம்பில் பற்களை வெட்டி, ஸ்லிட்டிங் கட்டர் என்று பெயரிட்டு, இதை வைத்து உலோகத்தைப் பிளந்துகொள்ளுங்கள் என்று நம் கையில் கொடுத்தவர் யாரோ, அவர் அதை ஒரு நாளும் தாமே பயன்படுத்தியிருக்க மாட்டார். அது நடுவெட்டில் டணார் என்று ஒடியும் ஓசையைக் கேட்ட அன்பர்களுக்கே இதை எழுதுகிறேன்.

வாத்தியாரின் கோரிக்கை

செங்கற்பட்டில் எங்கள் பட்டறையின் பிரதான வேலை பம்புகளைப் பழுது பார்ப்பது. என் கணவர் பெரும்பாலும் வயல்வெளிகளில் இருப்பார். கடைசல் யந்திரம் எங்கள் பட்டறை ஆள் முனுசாமியிடம். கல்லூரியில் பௌதிகம் படித்த பாவத்துக்கு, சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டும் சிறிய மில்லிங் மெஷின் என் பொறுப்பு. ஒரு சித்திரை மாதத்தில், மதுராந்தகத்திலிருந்து ஏகாம்பரம் என்ற கணக்கு வாத்தியார் வந்தார். குஷ்டநோய்க்கு நெடுங்காலம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர். புதிய மாத்திரைகளால் நோய் முற்றும் நீங்கிவிட்டதென்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வலக்கை விரல்கள் உள்நோக்கி மடங்கியவை மடங்கியவைதான். கரும்பலகையில் எழுத முடிந்தால் பள்ளி திறந்ததும் பழைய வகுப்பையே எடுத்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் வர வேண்டாம் என்று தலைமையாசிரியர் கூறியிருந்தாராம். மடங்கிய விரல்களுக்குள் செருகிக்கொள்ளவும், நுனியில் சாக்பீஸைப் பிடித்துக்கொள்ளவும் ஒரு கருவி வேண்டும் என்றார்.

வாயால் சொல்லிப் பாடம் நடத்த முடியாதா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துப் பரிவோடு சிரித்தார். "கதைன்னா வாயால சொல்லிடலாம்மா. பின்னத்தை எழுதிக் காட்டாம எப்படி அடிச்சுக் காட்டறது?"

எட்டி நின்று எடுத்த அளவு

ஒரு பித்தளைக் குழல். அதன் நுனியைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்தால் நான்கு இதழ்களாகும். மேலே ஒரு வளையத்தைத் தள்ளினால் இதழ்கள் நெருங்கிச் சாக்பீஸைக் கவ்வும். இதுதான் என் யோசனை. குழலைக் கடைய முனுசாமி அளவெடுத்தான். அளவெடுத்தான் என்பதைவிட, வாத்தியாரின் கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, இரண்டு முழம் தள்ளி நின்று கண்ணால் மதிப்பிட்டான் என்பதே சரி. குழல் மெலிந்துபோயிற்று. வாத்தியார் விரல்களுக்குள் செருகிக் கையை உயர்த்தியதும் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவர் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.

முனுசாமியின் முகம் சிறுத்துப் போயிற்று. கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வந்தான்; வாத்தியாரின் கையைத் தன் கையிலேயே ஏந்தி, அளவெடுக்கும் காலிப்பரை விரல் மடிப்புக்குள் மெல்ல நுழைத்தான். பிறகு நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "கொஞ்சம் ஆடாம இரு வாத்தியாரே, நடுங்கறது உன் கையா என் கையான்னே தெரியலையே!"

ஒன்று ஒடிந்தது

என்னிடம் தடித்த கட்டர் ஒன்றும், மெல்லியவை இரண்டும் இருந்தன. தடித்தது ஒடியாது, அதையே போடலாம் என்றான் முனுசாமி. ஆனால் அதன் பற்கள் பெரியவை, இடைவெளியும் பெரிது. குழலின் சுவரோ மெலிது. ஒரு பல் வெட்டி வெளியேறி அடுத்த பல் வருமுன் சுவர் அந்த இடைவெளியில் விழுந்து சிக்கும், குழல் கிழிந்துவிடும். எப்போதும் இரண்டு பற்களாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே நெருங்கிய பற்களுள்ள மெல்லியதை மாட்டினேன். பாதி வெட்டில், குழலைப் பிடித்திருந்த வைஸின் இறுக்கத்தில் உட்கூடான குழல் நசுங்கிக் கட்டரையே கவ்விக்கொள்ள, அந்த ஓசை கேட்டது.

சென்னையிலும் அந்த அளவு அப்போது கிடைக்கவில்லை. மிஞ்சியது ஒன்று, பள்ளி திறக்கும் நாளோ நெருங்கிவிட்டது. முனுசாமி புதுக்குழல் கடைந்து, அதன் உள்ளே இறுக்கமாகப் பொருந்தும்படி ஒரு பூவரசங் கட்டையையும் செருகிக் கொடுத்தான். இனி நசுங்க வழியில்லை. வேகத்தைக் குறைத்து, மரத்தையும் பித்தளையையும் சேர்த்தே பிளந்தேன். கைப்பிடியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து முனுசாமியின் குரல் வந்தது: "யம்மா, மூச்சு வுட்டுக்கோம்மா, நீ மூச்சு வுட்டா அது ஒண்ணும் ஒடஞ்சுடாது."

பிசிறு

பிளவுகள் நேராக அமைந்தன. உள்ளேயிருந்த கட்டையைத் தட்டி எடுத்துவிட்டு, ஓரங்களை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்துத் திருப்தியடைந்து, வாத்தியாரிடம் நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். உறுத்தினால் சொல்லுங்கள், அங்கே மட்டும் தேய்த்துத் தருகிறேன் என்றேன். அவர் தம் கையைத் திருப்பிக் காட்டினார். தையல் ஊசி ஏறியதும் தெரியாமல், சூடான டம்ளர் சுட்டதும் தெரியாமல் விழுந்த தழும்புகள் அதில் இருந்தன.

குழலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு ஓரத்திலும் பஞ்சை ஓட்டி, நார் எங்கே சிக்கியதோ அங்கெல்லாம் மறுபடி ராவினேன். பஞ்சு எங்கும் சிக்காமல் வழுக்கிச் செல்லும்வரை அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். "எனக்கு வலிக்காதும்மா, அதனாலதான் எனக்காக நீங்க பாக்க வேண்டியிருக்கு."

பள்ளி திறந்த மாலை

அன்று மாலை மதுராந்தகம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பட்டறைக்கு வந்தார். சட்டைக் கைமுழுதும் சாக்பீஸ் தூள். தலைமையாசிரியர் வகுப்பு வாசலில் நின்று பார்த்தாராம். இரண்டாவது கணக்குக்கு மேல் நிற்காமல் தம் அறைக்குப் போய்விட்டாராம். முனுசாமியால் பொறுக்க முடியவில்லை. "அவரு கெடக்கறாரு. பசங்க இன்னா சொன்னானுங்க வாத்தியாரே, அதைச் சொல்லு!" என்றான்.

வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "கடைசி பெஞ்சுக்காரன் எழுந்து நின்னு, 'எழுத்து எறும்பு மாதிரி கீது சார், பெரிசா எழுது சார்'னு கத்தினான், வேற ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல."

மெல்லிய கட்டரோடு மல்லுக்கட்டும் நம் போன்றோருக்கு, நாம் செய்த பொருளை விட்டுவிட்டு வேறெதையோ குறைசொல்ல யாராவது முன்வருவதே கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாராட்டுப் பத்திரம்.